அலை உடையாத இடம்தான் ஆபத்து! புதுச்சேரி கடலில் எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது?

ஏம்பலத்துக்குக் கடல் கிடையாது. ஆனா கரிக்கலாம்பாக்கம், தவளக்குப்பம்னு பைக்கில் போனா நல்லவாடு, நரம்பை, மூர்த்திக்குப்பம்னு வரிசையா கடற்கரைதான். ஏரியிலும் கிணற்றிலும் நீச்சல் பழகியவர்கள் வார இறுதியில் அங்கே இறங்குறாங்க. ரீல்ஸில் பார்த்த அந்தமான் நீலத்தை எதிர்பார்த்துப் போறவங்களும் உண்டு. இரண்டு கடலும் ஒண்ணு இல்லை.

அந்தமானில் முடியுது, இங்கே ஏன் முடியாது?

சுவராஜ் தீவின் எலிஃபன்ட் பீச்சில் கரைக்குப் பக்கத்திலேயே பவளப்பாறை இருக்கு. அலையின் வேகத்தை அது குறைக்கும்; தண்ணீரும் தெளிவா இருக்கும். அதனால்தான் அங்கே ஸ்நார்கெலிங் செய்ய முடியுது. புதுச்சேரியில் கரையோரப் பவளப்பாறை கிடையாது. வங்கக்கடல் அலை நேரா மணலில் வந்து மோதும். தென்பெண்ணையும் சங்கராபரணியும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். கலங்கிய நீரில் மாஸ்க் போட்டாலும் பெருசா எதுவும் தெரியாது.

அமைதியான இடம் ஏன் ஆபத்து?

கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பியாகணும். சில இடங்களில் அது மொத்தமா சேர்ந்து, குறுகிய பாதையில் வேகமா உள்ளே ஓடும். இதுதான் ‘ரிப் கரன்ட்’. அந்தப் பாதை ஆழமா இருப்பதால் அங்கே அலை அதிகம் உடையாது. ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதி. ‘இங்கதான் அலை இல்லை’னு நாம தேர்ந்தெடுக்கிற இடமே அதுவா இருக்கலாம். இதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டக்கூடும். ஒலிம்பிக் வீரராலும் எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது.

புரோமனேடில்தான் மணல் திரும்பிடுச்சே?

1980-களில் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் நகரக் கடற்கரை காணாமல் போனது. 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு மணல் திரும்பியது. ஆனா அந்தத் திட்டு மணலை மீட்கப் போட்டது. நீச்சல் குளம் கட்டுவதற்காக அல்ல. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களும் அங்கே இருக்கு. அலை தூக்கி அடிச்சா தலையில்தான் காயம்.

புளூ ஃபிளாக் இருந்தா போதுமா?

சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை 2021-ல் இந்தச் சான்றிதழைப் பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு, நீரின் தரம், பாதுகாப்பு உள்ளிட்ட 33 அளவுகோல்களைப் பார்த்து இதைத் தருது. ஆண்டுதோறும் புதுப்பிக்கணும். உயிர்காப்பாளர் கண்காணிக்கும் குளியல் பகுதிக்குத்தான் இதில் அர்த்தம். எல்லையைத் தாண்டி நூறு மீட்டர் தள்ளிப் போய் இறங்கினா, சான்றிதழ் காப்பாத்தாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை இருக்கும்போதும் எங்கேயுமே இறங்க வேண்டாம்.

இழுவையில் மாட்டிக்கிட்டா?

* கரையை நோக்கி நீந்தாதீங்க. களைப்புதான் ஆளை மூழ்கடிக்கும்.
* மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேளுங்க.
* தெம்பு இருந்தா கரைக்கு இணையா, பக்கவாட்டில் நீந்துங்க. இழுவை குறைஞ்சதும் கரைக்குத் திரும்புங்க.
* நண்பன் தவிக்கிறதைப் பார்த்தா உடனே குதிக்காதீங்க. காலி தண்ணீர் கேன், கயிறு, ட்யூப் எதையாவது வீசுங்க. உயிர்காப்பாளரையோ பக்கத்து மீனவர்களையோ கூப்பிடுங்க, 112-க்கு அழையுங்க.

காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கும் செய்தி நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கிணற்றில் பழகிய நீச்சல், தண்ணீர் நிற்கிற இடத்துக்கான நீச்சல். கடலில் தண்ணீர் நிற்கிறதில்லை. இறங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கரையில் நின்னு, அலை எங்கே உடையுது, எங்கே உடையலைன்னு பாருங்க. குப்பத்து மீனவர் ‘இன்னைக்கு வேணாம் தம்பி’ன்னு சொன்னா, கேட்டுட்டு ஏறிடுங்க.