முதல் கைத்துப்பாக்கியும் தகடூர் வேலும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியில் வேர்கொண்டு, பல மொழிகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட அதே ஒலியுடைய சொல்லோடு இதற்கு யாதொரு உறவும் இல்லை. அங்கே அது உணவை ஆக்குதலைக் குறிப்பது; இங்கோ உயிரை நீக்கும் கருவி. அக்குறளை நடத்தும்போது கடைசி வரிசையில் எழும் சிரிப்பைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். அச்சிரிப்புக்குப் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. சொல் நம் மொழியில் என்றோ குடியேறிவிட்டது. அச்சொல் சுட்டும் பொருளோ இன்றும் காவல்துறை, திரைப்படம், காடு ஆகிய மூன்றினுள்ளேயே நமக்கு அடைபட்டுக் கிடக்கிறது.

பாலக்கோட்டைச் சுற்றி வாழ்பவர்க்கு மூன்றாவது மிக அண்மையில் இருப்பது. தக்காளியும் மாவும் கரும்பும் விளையும் நிலங்களை அடுத்துக் காப்புக்காடுகள் தொடங்கிவிடுகின்றன. பன்றியும் யானையும் வயலில் இறங்கும் ஊர்களில் நாட்டுத்துப்பாக்கி பழைய பொருள். கரிமருந்தையும் ஈயக்குண்டையும் குழலின் வாய்வழியே கிட்டித்துச் சுடும் அக்கருவியை, உரிமம் இல்லாதார் ஒப்படைத்துவிடும்படி காவல்துறையும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிப்புச் செய்கின்றன. ஆக, இப்பகுதியில் ஓர் இளைஞன் ‘துப்பாக்கி வாங்க வேண்டும்’ என்றால், கேட்பவர் முகம் மாறுவது இயல்பே.

எனினும் அக்கேள்வி நம்மிடம் வந்துகொண்டுதான் இருக்கிறது. கல்லூரியில் தேசிய மாணவர் படையோடு சில ஆண்டுகள் தொடர்பிலிருந்தமையால், அங்கே .22 ரைஃபிளைச் சுட்டுப் பழகிய மாணவர்கள், வேலைக்குச் சென்று கையில் நாலு காசு சேர்ந்தபின், “ஐயா, விளையாட்டாகச் சுடுவதற்கு முதலில் எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம்?” என்று கேட்கின்றனர். நடிகர் அஜித்குமார் 2021-இல் சென்னையிலும் 2022-இல் திருச்சியிலும் நடந்த மாநிலப் போட்டிகளில் பதக்கம் வென்றபின் இக்கேள்வி மிகுந்தது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றபின் பெண்பிள்ளைகளும் கேட்கத் தொடங்கினர்.

இதற்கு நாம் சொல்லும் விடை ஒன்றே: முதல் கைத்துப்பாக்கியை வாங்காதீர்கள், பழகுங்கள். தட்டிக்கழிப்பதற்காகச் சொல்வதன்று இது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடங்குவோர்க்கு .22 நல்ல அளவு என்பதில் ஐயமில்லை. ரிம்ஃபயர் எனப்படும் இவ்வகைத் தோட்டாவில், தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் நடுவில் இராமல் அடிவிளிம்பின் உட்புறத்தில் இருக்கும். சுத்தி விளிம்பை நசுக்கினால்தான் அது பற்றும். நசுங்க வேண்டுமாயின் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே வெடிவேகமும் குறைவு, கையை உதைப்பதும் குறைவு, விலையும் குறைவு. 1887-இல் அமெரிக்காவில் அறிமுகமான .22 லாங் ரைஃபிள் தோட்டா இன்றும் உலகெங்கும் பயிற்சிக் களங்களில் ஆள்வதற்கு இதுவே காரணம். 2012-இல் லண்டனில் விஜயகுமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுப் பிரிவும் இத்தோட்டாவுக்கு உரியதே. ஆனால் உதை குறைவு என்பதால் விளையாட்டுப் பொருள் என எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ இரண்டரை கிராம் எடையுள்ள அச்சிறு ஈயம், தடுப்பார் இல்லையேல் ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று விழும். தோப்பில் தகரக் குவளையை நிறுத்தி வைத்துச் சுடுவது நம் நாட்டில் சட்டத்திற்கும் ஆகாது, அறிவிற்கும் ஆகாது.

அடுத்தது சட்டம். 1878-இல் ஆங்கில அரசு இந்தியர் கையிலிருந்த ஆயுதங்களுக்குப் பூட்டுப் போட்டது. விடுதலைக்குப்பின் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டு விதிகளும் இன்று நம்மை ஆள்வன. .22 ஆயினும் உரிமம் வேண்டும்; இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும்; காவல்துறை விசாரணை உண்டு. 2019 திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருத்தல் கூடாது. போட்டிக்கெனவே செய்யப்படும் வால்தர், பார்டினி போன்ற அயல்நாட்டுக் கைத்துப்பாக்கிகளைச் சாதாரண மனிதர் இறக்குமதி செய்யும் வழி 1980-களிலேயே அடைபட்டுவிட்டது. தகுதி பெற்ற வீரர்க்கே அவ்வழி திறக்கும். உள்நாட்டில் இசாப்பூர் தொழிற்சாலை உருவாக்கிய ‘நிடர்’ .22 ரிவால்வர் சுமார் 250 கிராம் எடையுள்ளது. தற்காப்புக்கென்று பையில் வைக்கும் பொருள் அது. குறிபார்த்தலைக் கற்க உதவாது. விண்ணப்பத்தில் ‘உயிருக்கு ஆபத்து’ என்று எழுதி அத்தகைய ஒன்றைப் பெற்றுவிடலாம் எனச் சிலர் அறிவுரை கூறுவர். விளையாட்டை நாடுபவன் தன் முதல் அடியையே பொய்யில் வைப்பதை நாம் ஏற்கவில்லை.

பிறகு எதைக் கொண்டு தொடங்குவது? 4.5 மில்லிமீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியைக் கொண்டு. குழலின் விட்டம் அதற்கு மேற்படாமலும், வெளிவிசை 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். பத்து மீட்டர் தொலைவும், பின்னால் குண்டைத் தாங்கும் தடுப்பும், குறுக்கே ஆள் வராத ஏற்பாடும் போதும். பத்து மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதை நிதானமாகத் தொடக் கற்றவனுக்கு .22 அயலாகத் தோன்றாது. அதன்பின் உரிமம் பெற்ற கிளப் ஒன்றில் சேர்ந்து, அங்குள்ள .22 கைத்துப்பாக்கியைப் பயிற்சியாளர் கண்முன் சுட்டுப் பழக வேண்டும். தேர்வு என்பது அங்கேதான் தொடங்குகிறது.

அத்தேர்வில் பார்க்க வேண்டியவை சிலவே. பிடி உள்ளங்கையில் முழுதும் படிய வேண்டும்; பிடியை இறுக்காமலே மணிக்கட்டு நேராக நிற்க வேண்டும். சுட்டுவிரலின் நுனிச்சதை விசையை நேர்பின்னே இழுக்குமாறு எட்ட வேண்டும்; பக்கவாட்டில் தள்ளினால் ஒவ்வொரு குண்டும் விலகும். எடை ஒரு கிலோ அளவில், முன்பக்கம் சற்றே கனத்திருப்பது நடுக்கத்தை அடக்கும். 25 மீட்டர் போட்டி விதிப்படி விசையின் இழுப்பு 1000 கிராமுக்குக் குறையலாகாது. அதனினும் மெல்லிய விசை தொடக்கத்தில் மயக்கும், போட்டிக்கு உதவாது. பின்பார்வையைத் திருகி அமைக்க வழி இருக்க வேண்டும். ஒரே அளவாயினும் எல்லா நிறுவனத் தோட்டாவும் எல்லாக் குழலோடும் ஒத்துப்போவதில்லை. கிளப்பில் கிடைக்கும் தோட்டாவைத் தடங்கலின்றி ஏற்கிறதா என்று சுட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தோட்டாவின்றி வெறுமனே விசையிழுத்துப் பழகுவோர், பல ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் சுத்திமுனை குழலின் விளிம்பிலேயே மோதும் என்பதை மறவாமல், பொய்த்தோட்டாவை இட்டுப் பழக வேண்டும். இவற்றுள் எதையும் விலைப்பட்டியல் சொல்லாது; கைதான் சொல்லும்.

விலை மட்டுமே காப்பாற்றாது என்பதற்கு மனு பாக்கரே சான்று. 2021-இல் டோக்கியோவில், உலகின் தலைசிறந்த கருவிகளுள் ஒன்றைக் கையில் கொண்டிருந்தும், போட்டியின் நடுவே அது பழுதாகி நிமிடங்கள் கரைந்தன. இறுதிச்சுற்று இரண்டு புள்ளிகளில் நழுவியது. மூன்றாண்டு கழித்து அவரை மேடையேற்றியது, நாளும் செய்த பயிற்சி.

இதைத் தகடூர் மண்ணுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவை, அவனது ஆயுதக்கொட்டிலில் மாலைசூடி நெய்பூசி மின்னும் படைக்கலங்களைக் கண்டு, தம் தலைவனின் வேல்களோ முனை சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்று கூறியதைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு காட்டுகிறது. புகழ்வதுபோல் பழித்த அத்திறத்தை வகுப்பில் வியக்கிறோம். அதன் உட்பொருளை ஏனோ மறக்கிறோம். பயன்பட்டுத் தேய்ந்த கருவியே கருவி. பல மாணவர் கைபட்டுப் பிடி மழுங்கிய கிளப் கைத்துப்பாக்கி, பெட்டிக்குள் வெல்வெட்டில் உறங்கும் சொந்தத் துப்பாக்கியைவிட மேலானது.

ஆனால் அந்தக் கிளப் எங்கே? சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நகரங்களை நாம் சொல்லிவிடலாம். பாலக்கோட்டுப் பிள்ளைக்கு அது ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்த தொலைவு. படிக்கும் காலத்தில் துல்லியமாகச் சுட்ட கை, பட்டம் பெற்ற மறுநாளே ஓய்ந்துவிடுகிறது. ஆர்வம் மட்டும் ஓய்வதில்லை. நேர்வழி எட்டாத ஆர்வத்துக்குக் குறுக்குவழி காட்டுவோர் காட்டோர ஊர்களில் இல்லாமற் போகவில்லை. உரிமமற்ற துப்பாக்கியொன்றோடு பிடிபட்டால் சிறையும், அதன்பின் அரசுப்பணிக் கனவின் முடிவும் காத்திருக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவனின் வீட்டில் அதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

எனவே நாம் கேட்பது பெரிதன்று. நகரத்தில் உள்ளதுபோல் 25 மீட்டர் களம் உடனே வேண்டாம். மாவட்டத்தில் ஏதேனும் ஓர் அரசுக் கல்லூரியிலோ விளையாட்டரங்கிலோ பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம், நான்கு காற்றுக் கைத்துப்பாக்கிகள், வாரம் இருமுறை வரும் பயிற்சியாளர் ஒருவர், இவ்வளவே. துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லும் அறிவிப்புகளை ஆண்டுதோறும் கேட்கும் ஊர்களில், அதை எப்படி எடுக்க வேண்டும் என்று கற்பிக்கும் இடம் ஒன்றேனும் இருக்கட்டும்.