நெருஞ்சியில் ஒரு நீலச் சிறகு



1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் ஒரு பகுதியினர், 2009 இல் போர் முடிந்த பின்னர் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களுக்குத் திரும்பினர். பற்றை மண்டிய வளவைத் துப்புரவு செய்வதே அங்கு முதல் வேலையாயிற்று. மண்வெட்டி போடுமுன் அந்த நிலத்தில் குடியிருக்கும் ஒரு சின்ன உயிரைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

நெருஞ்சிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீலத் துணுக்குப் போல் பறந்து திரியும் வண்ணத்துப்பூச்சியைக் கண்டிருப்பீர்கள். சிறகை விரித்தாலும் 2 சென்றிமீற்றர் அளவுதான் இருக்கும். ஆணுக்கு ஊதா கலந்த நீலம், பெண்ணுக்குக் கபில நிறம். ஆங்கிலத்தில் இதை 'டார்க் கிராஸ் புளூ' என்பர்.

இதைப் போலவே இன்னும் சில உண்டு. ஆகவே மேற்புற நீலத்தை மட்டும் நம்பாதீர்கள். பூச்சி சிறகை மூடி அமர்ந்ததும் சாம்பல் நிற அடிப்புறத்தைப் பாருங்கள். முன்சிறகின் உட்பகுதியில், உடலை அண்டிய பக்கமாக, ஒரு கரும்புள்ளி இருந்தால் அது இதுவே. அந்தப் புள்ளி இல்லையேல் 'லெஸர் கிராஸ் புளூ'வாக இருக்கலாம். பின்சிறகின் ஓரத்தில் செம்மஞ்சள் சூழ்ந்த மினுங்கும் புள்ளிகள் தெரிந்தால் அது 'கிராஸ் ஜுவல்'. இலங்கையின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்றான அது, அவுரி இனச் செடிகளில் வளர்கிறது.

நமது நீலப்பூச்சியோ நெருஞ்சியிலும் குப்பைக்கீரையிலும் முட்டையிடும். புழு அந்த இலைகளைத் தின்று வளரும். இக்குடும்பத்துப் புழுக்கள் பல இனிப்பு நீரைச் சுரக்கின்றன. அதை அருந்த வரும் எறும்புகள் புழுவுக்குக் காவலாகவும் இருந்துவிடுகின்றன. வெயில் படும் திறந்த தரையே இதன் வீடு. அடர்ந்த காட்டில் இதைத் தேட வேண்டியதில்லை.

இது நமக்கு நல்லதாயிற்று. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. பூச்சியைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் பற்றைக்குள் போகலாகாது. மண்டையோட்டுப் பலகை இருந்தால் அதைத் தாண்டவே கூடாது. பலகை இல்லாவிட்டாலும், துப்புரவாகாத இடத்தில் கால் வைக்க விடாதீர்கள். பார்ப்பதற்கு வீட்டு வளவே போதும்.

நெருஞ்சி முள் பிள்ளைகளின் காலில் தைக்கும் என்பது உண்மைதான். நடக்கும் பாதையில் அதைப் பிடுங்கிவிடுங்கள். வேலியோரம் ஒரு பாய் அகலத்திற்கு விட்டுவையுங்கள். குப்பைக்கீரையின் இளந்தளிரைக் கறிக்குக் கிள்ளினாலும் இரண்டு செடியை வேரோடு பிடுங்காதீர்கள். களைநாசினி மட்டும் அங்கே வேண்டாம்.

அஸருக்கு முன், வெயில் இருக்கும்போதே, பிள்ளையை அழைத்துக் காட்டுங்கள். கண்ட நாளையும் அமர்ந்த செடியின் பெயரையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு உம்மாவின் ஊர் மண் அப்படித்தான் பழக்கமாகும்.