நோட்டுக் கணக்கும் கோட்டுப் படமும்

சர்க்கரை நோட்டு இல்லாத வீடு எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் இப்போது அபூர்வம். தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என்று கட்டம் போட்டு எழுதி வைக்கிறோம். ஆனால் அதைப் பார்ப்பவர் யார்? டாக்டர் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார். அவருக்கு இருக்கும் கூட்டத்தில் ஆறு மாத எண்களைப் படிக்க நேரம் ஏது, பாவம்!

என் மாமியாருக்கு அடிக்கடி தலைசுற்றலும் வேர்வையும் வரும். கேட்டால், "வயசாச்சில்ல கண்ணு" என்பார். சர்க்கரை 62 என்று வந்தால், "குறைஞ்சா நல்லதுதானே" என்று அவருக்குச் சந்தோஷம் வேறு. சென்ற லீவில் என் மகள் அந்த நோட்டை வாங்கி, எண்களையெல்லாம் கூகுள் ஷீட்ஸில் ஏற்றிக் கோட்டுப் படமாகப் போட்டாள். நாலு இடத்தில் கோடு கிணற்றில் விட்ட வாளி மாதிரி 70-க்குக் கீழே இறங்கியிருந்தது. காலண்டரைப் புரட்டினால் நாலும் கிருத்திகை! ராத்திரிதான் சாப்பாடு; மாத்திரை மட்டும் காலையிலேயே வழக்கம்போல உள்ளே போயிருக்கிறது. படத்தைக் கையோடு கொண்டு போனோம். டாக்டர் மாத்திரையை மாற்றி, விரத நாளுக்குத் தனியாக யோசனையும் எழுதிக் கொடுத்தார். (நாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, சகோதரிகளே. 70-க்குக் கீழே போய்விட்டால், நினைவோடு இருப்பவருக்கு விரதம் பார்க்காமல் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டும்.)

படம் போடுவது பெரிய வித்தை இல்லை. ஒரு வரிசையில் தேதி, அடுத்ததில் அளவு. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 'இன்ஸர்ட்' என்பதில் 'சார்ட்' அமுக்கினால் படம் வந்துவிடும். காசு கிடையாது. பார்க்காத நாளைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் கோடு பாதாளத்துக்குப் போய் எல்லோரையும் பயமுறுத்தும். இன்னொன்று, பக்கவாட்டு அளவுகோலைக் கம்ப்யூட்டர் தானாக வைத்துக்கொள்ளும். 110-க்கும் 125-க்கும் உள்ள சின்ன வித்தியாசம்கூட மருதமலை ஏற்றம் போலத் தெரியும். அதனால் மாதா மாதம் 40 முதல் 300 வரை என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டால்தான் போன மாதத்தோடு ஒப்பிட முடியும்.

கொஞ்சம் அழகாக வேண்டுமென்றால் 'டேட்டாராப்பர்' என்ற ஜெர்மனிக்காரர்களின் தளம் இருக்கிறது. இலவசமாகவே போடலாம்; எப்படிச் செய்வது என்ற பாடங்களும் அங்கேயே உண்டு, இங்கிலீஷில்தான். ஆனால் 'பப்ளிஷ்' பொத்தானை அமுக்கினால் லிங்க் கிடைத்தவர்கள் எல்லாம் பார்க்கலாம். மாமியார் பேரோடு அமுக்கி வைக்காதீர்கள்!

இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். 1858-லேயே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போர்ச் சாவுகளைப் பூ இதழ் மாதிரி வரைந்து காட்டினார். காயத்தால் செத்தவர்கள் சிவப்பு, தடுத்திருக்கக் கூடிய நோயால் செத்தவர்கள் நீலம். நீலம்தான் பெரிசு. பத்துப் பக்க அறிக்கையை மூடி வைத்துவிடுகிற பெரிய மனிதர்கள்கூட அந்த நீலத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. நம் அங்கன்வாடி வளர்ச்சி அட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. குழந்தையின் எடைப் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கினால், எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவுக்கும் புரியும்.

கற்றுக்கொள்ள ஆசையுள்ளவர்கள் 'கேப்மைண்டர்' தளத்தில் ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. வருஷம் ஓட ஓட வருமானமும் ஆயுளும் நகர்வதைக் காட்டும். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்வீடன் டாக்டர் ஹான்ஸ் ரோஸ்லிங், 1972-ல் பெங்களூரில் வந்து படித்தவர். நான் இந்தியாக் குமிழியை 1950-லிருந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை.