பொதியா, காசா? ஸகாத் முடிவெடுக்க முன்னர் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்



நோன்பு நெருங்கினால் ஊரில் இரண்டு பேச்சுக் கிளம்பும். ஒன்று: "அஸ்வெசும எடுக்கிற ஆக்களுக்கு ஸகாத் வேணாம், அவங்களுக்கு மாசாமாசம் விழுதுதானே." மற்றது: "காசாக் குடுத்தா பாழாக்கிருவாங்க, வழமைபோல உலர் உணவுப் பொதியே குடுப்போம்." இந்த வருடமும் கிளம்பிவிட்டது. பள்ளி நிர்வாகம் கூடி முடிவெடுக்க முன்னர், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு பேச்சும் பிழை.

முதலில் அந்த "மாசாமாசம் விழும்" காசைக் கணக்குப் பார்ப்போம். 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. 2025 ஜனவரியில் வறிய குடும்பத்துக்கான கொடுப்பனவை 8,500 இலிருந்து 10,000 ரூபாவாகவும், மிகவும் வறிய குடும்பத்துக்கு 15,000 இலிருந்து 17,500 ரூபாவாகவும் கூட்டினார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் 10,000 ரூபா என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 67 ரூபா. அதற்குப் பிளேன்ரீயோடு என்ன வரும் என்று நம்முடைய சாயக்கடையில் கேட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரே வருடத்தில் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகியது. பிறகு பணவீக்கம் இறங்கியதே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு வரவில்லை. கூலியும் அதே அளவுக்கு ஏறவில்லை. 2024இலும் நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்பது உலக வங்கியின் மதிப்பீடு.

இந்த 67 ரூபாவைப் பார்த்துத்தான் நாம் "அவங்களுக்குப் போதும்" என்கிறோம்.

"சும்மா காசு குடுத்து ஆக்களைச் சோம்பேறியாக்குறாங்க" என்றும் சொல்கிறோம். முன்பு வெட்டுக் காலம் வந்தால் ஊரில் பாதிப்பேர் வயலில் நின்றார்கள். வெட்டு, சூடடிப்பு என்று வாரக்கணக்கில் கூலி இருந்தது. இன்று வெட்டு மெஷின் வந்து சில மணித்தியாலத்தில் ஒரு வட்டையை முடித்துவிட்டுப் போகிறது. வேலை போனது அஸ்வெசும வந்ததால் அல்ல. வேலை போய்ப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அஸ்வெசும வந்தது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் வேறு மூவரும் ஆறு நாடுகளில் நடந்த ஏழு உதவித் திட்டங்களை ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். காசு கிடைத்ததால் மக்கள் வேலையைக் குறைத்தார்கள் என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

"ஐஸுக்கும் சிகரட்டுக்கும் போயிரும்" என்பது அடுத்தது. போதை நம் ஊரில் உண்மையான நெருப்பு, அதை நாங்கள் மறைக்க மாட்டோம். ஆனால் போதைக்கு அடிமையானவன் பொதியையும் விற்பான். காசை உம்மாவின் பெயரிலுள்ள கணக்குக்குப் போடுவது அதைவிடப் பாதுகாப்பு. 2014இல் உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உதவிக் காசால் மதுவுக்கும் புகைக்கும் செய்யும் செலவு கூடியதாக அவர்கள் காணவில்லை. ஒரு சிலர் செய்யும் பிழைக்காக எல்லா உம்மாமாரின் கையையும் கட்டுவது நியாயமா?

இனிப் பொதிக்கு வருவோம்.

நோன்பு காலத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று இடத்திலிருந்து மூன்று பொதி வருகிறது. மூன்றிலும் அரிசி, பருப்பு, சீனி, பேரீச்சம்பழம். அதே வீட்டில் கரண்டுக்குச் சிவப்பு பில் வந்து கிடக்கிறது. வாப்பாவுக்குப் பிரஷர் குளிசை முடிந்துவிட்டது. மூத்தவளின் சப்பாத்து கிழிந்துவிட்டது. பருப்பால் பில் கட்ட முடியுமா? அதனால் பொதியைக் கடைக்குக் கொண்டுபோய் அரை விலைக்குக் கொடுக்கிறார்கள். இது நமக்கெல்லாம் தெரியும். ஆயிரம் ரூபாய்ச் சாமான் ஐந்நூறு ரூபாவாகிறது. குறைந்த ஐந்நூறு ரூபாவுக்கு யாருக்கு நன்மை?

கையில் காசு இல்லாத வீட்டுக்கு அடுத்து வருவது நுண்கடன்காரன். கிழமைக்குக் கிழமை வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும். 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்கிறோம். ஐயாயிரம் ரூபா அவசரத்துக்கு இல்லாமல் ஒரு உம்மா வட்டிக்குக் கையெழுத்து வைக்கும்போது நம்முடைய ஸகாத் எங்கே இருந்தது? பொதியாகக் கட்டி மேசையில் அடுக்கி, பின்னால் பெனர் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் நிற்கும் உம்மாவின் பிள்ளை எங்கள் வகுப்பில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் வீட்டுப் போனிலும் அந்தப் படம் வருகிறது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் ஏன் என்று எங்களுக்குக் கேட்கத் தேவையில்லை.

காசு என்ன செய்யும் என்பதையும் வகுப்பில்தான் பார்க்கிறோம். 2025 தொடக்கத்தில் அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி, பேனைக்கென்று 6,000 ரூபா கொடுத்தார்கள். போன வருடத்துக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் புதுக் கொப்பியோடு வந்தார்கள். காசு எங்கே போனது என்று பார்க்க யாரும் பின்னால் போகவில்லை. அது கொப்பிக்குத்தான் போனது. வாங்கியதும் நம் ஊர்க் கடையில்தான். பொதியின் காசு டவுன் மொத்தக் கடைக்குப் போகிறது. கையில் கொடுத்த காசு ஊருக்குள்ளேயே சுற்றுகிறது.

மார்க்கத்திலிருந்து ஒரு ஹதீஸை எடுத்துக்காட்டி எங்களை மறுப்பவர்கள் உண்டு. அபூதாவூதில் பதிவானது, யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழரைப் பற்றியது. கோடரி வாங்கி விறகு வெட்டச் சொன்னார்கள், ஆகவே காசு கொடுக்கக் கூடாது என்கிறார்கள். ஹதீஸை முழுதாகச் சொல்லுங்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவருடைய பொருளை ஏலத்தில் விற்று, இரண்டு திர்ஹத்தையும் அவருடைய கையில் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு முதலில் வீட்டாருக்கு உணவு, மற்றதற்குக் கோடரி. வீட்டில் பசி தீர்ந்த பிறகுதான் விறகு. கோடரிக்குப் பிடி போட்டுக் கொடுத்ததும் நபியவர்களின் கைதான். நாம் பசியையும் விட்டு, பிடியையும் விட்டு, "போய் உழை" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று. ஃபித்ராவை அரிசியாகக் கொடுப்பது வேறு விடயம். காசின் ஸகாத் அப்படியல்ல. காசுக்குரிய ஸகாத்தைக் காசாகவே கொடுப்பதுதான் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிரதான நிலைப்பாடு. ஸகாத் ஏழையின் உரிமை. அதைக் கொண்டு பருப்பு வாங்குவதா, குளிசை வாங்குவதா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கே. சந்தேகம் இருந்தால் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள்.

காசு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. தொழிலும் வேண்டும், ஆஸ்பத்திரியில் மருந்தும் வேண்டும். அஸ்வெசும தெரிவிலும் குறை நிறைய. 22 குறிகாட்டிகள் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். 2023இல் பெயர்ப்பட்டியல் வந்தபோது நாடு முழுக்கப் பத்து இலட்சத்துக்குக் கிட்ட மேன்முறையீடுகள் போயின. சுனாமிக்குப் பிறகு கிடைத்த கல்வீட்டில் இருந்துகொண்டு அடுப்பெரியாமல் இருப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. அப்படி விடுபட்டவர்களைத் தேடிப் போவதுதான் ஸகாத் கமிட்டியின் வேலை. பட்டியலில் இருப்பவர்களை வெட்டுவது அல்ல.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது நாலு:

1. ஸகாத்தைக் காசாக, முடிந்தவரை வீட்டுப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள்.

2. அஸ்வெசும எடுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வெட்ட வேண்டாம். வீட்டின் தேவையைப் பாருங்கள்.

3. எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து ஒரே பட்டியல் தயாரியுங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று, அடுத்த வீட்டுக்கு ஒன்றுமில்லை என்ற நிலை முடியட்டும்.

4. படம் வேண்டாம். கணக்கறிக்கை போதும். எவ்வளவு வந்தது, எத்தனை குடும்பத்துக்குப் போனது என்று ஜும்ஆவுக்குப் பிறகு வாசியுங்கள். பெயர் வாசிக்க வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறோம். ஆனால் "இன்னார் காசெடுத்து இப்படிச் செய்தார்" என்று எந்தக் குடும்பத்தின் பெயரையும் எழுத வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவோம். அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு வகுப்புக்கு வர வேண்டும்.