விசிட்டிங் கார்டு யாருக்காக?



'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பார்கள். அந்தப் பழமொழி வேறு எதுக்குப் பொருந்துதோ இல்லையோ, சட்டைப் பையில் கிடக்கிற விசிட்டிங் கார்டுக்கு நன்றாகவே பொருந்தும். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன அட்டை. ஆனால் சின்னத் தொழில் செய்கிறவருக்கு அதுதான் போர்டு, அதுதான் விளம்பரம், அதுதான் விலாசம். டி.வி.யில் விளம்பரம் கொடுக்க வசதி இல்லாத லேத் பட்டறைக்காரருக்கும், வெல்டருக்கும், வயரிங்காரருக்கும் கையில் எடுத்துக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது?

நம்மில் பலபேர் நாளைக்குக் கம்பெனி வேலைக்குப் போவோம். சிலபேர் சொந்தமாகப் பட்டறை போடுவோம். பட்டறை போட்ட முதல் வாரமே கார்டு அடிக்கத் தோணும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது. டிடிபி கடையில் எந்த மாடலைக் காட்டுகிறார்களோ அதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டை வாங்குகிறவரின் அவசரத்தை மனசில் வைத்து அடிக்கணும். கொடுக்கிறவரின் பெருமையெல்லாம் அப்புறம். இரண்டாவது, கடை யாருடையதோ அவர் தன் கார்டைத் தானே எழுத்துக்கூட்டியாவது படிக்க முடியணும். இந்த இரண்டும் இல்லாத கார்டு எத்தனை கலரில் இருந்தாலும் வெறும் அட்டைதான்.

உதாரணத்துக்கு வெளியே போக வேண்டாம். எங்கப்பா கோயமுத்தூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மோட்டார் காயில் கட்டுகிறவர். அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எரிந்துபோன ஸ்டேட்டரைப் பிரித்துப் பார்த்தாலே எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு டிடிபி கடையில் ஆயிரம் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். அதுவும் கொடிகொடியாய் வளைந்த எழுத்து. பக்கத்தில் ஒரு மோட்டார் படம். அந்தப் படம் எப்படி நிற்கிறது என்று பார்த்துத்தான் அப்பா கார்டை நேராகப் பிடிப்பார். புரூஃப் காட்டினார்களாம். அவர் என்னத்தைப் பார்ப்பார்? நம்பர் சரியா என்று மட்டும் பார்த்திருக்கிறார். 'மோட்டார் ரீவைண்டிங்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மோட்டார் ரீமைண்டிங்' என்று விழுந்திருந்தது. காயில் கட்டுகிற கடை, ஞாபகப்படுத்துகிற கடை ஆகிவிட்டது! நான் பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு ஒருநாள் எடுத்துப் படித்தபோதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் பாதிப் பெட்டி காலி.

இதில் யாரைக் குறை சொல்வது என்பது என் நோக்கம் இல்லை. ஏன் இப்படி நடக்குது என்பதுதான் கேள்வி. 'இங்கிலீஷில் இருந்தாத்தான் மதிப்பு' என்ற எண்ணம் அச்சடிக்கிறவருக்கும் இருக்கு, அடிக்கக் கொடுக்கிறவருக்கும் இருக்கு. தமிழ்நாட்டில் கடைப் போர்டுக்கு விதி உண்டு. தமிழ் முதலில் பெரிதாக வரணும், ஆங்கிலம் அடுத்து, வேறு மொழி வேண்டுமானால் அதற்கும் அடுத்து, அளவு 5:3:2. கார்டுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. ஆனால் அந்தப் போர்டைப் படிக்கிற அதே ஜனங்கள்தானே இந்தக் கார்டையும் படிக்கப் போகிறார்கள்? ஸ்பேர் பார்ட்ஸ் டீலர், கம்பெனி ஸ்டோர் மேனேஜர் போன்றவர்களிடம் கொடுக்க இங்கிலீஷ் தேவைதான். தமிழுக்குக் கீழே ஒரு வரி இங்கிலீஷில் போட்டால் போதும்.

சரி, அப்பாவின் கார்டு யார் கையில் போய்ச் சேருது? ஒரு விவசாயி. ராத்திரி பதினோரு மணி. தண்ணி பாய்ச்சப் போனவர், மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோனதைப் பார்க்கிறார். கையில் டார்ச். வயது ஐம்பதுக்கு மேல், வெள்ளெழுத்து, கண்ணாடி வீட்டில். அவர் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவைத் திறக்கிறார். உள்ளே செருகி வைத்த கார்டில் நம்பர் தெரியணும். "ஏனுங்க, மோட்டார் ஓடமாட்டேங்குதுங்க" என்று ஒரு போன் போடணும். கார்டுக்கு இருக்கிற வேலை இவ்வளவுதான். இதை நாம் டிராயிங் ஹாலில் ஒரு பார்ட் வரைகிற மாதிரி யோசித்துப் பார்ப்போமே. எங்கே பொருத்தப் போகிறோம், யார் கழற்றப் போகிறார் என்று தெரிந்தால்தானே பார்ட் சரியாக வரும்?

முதலாவது, கார்டில் பெரிதாக இருக்க வேண்டியது கடைப் பெயர் என்று நாம் நினைக்கிறோம். என்னைக் கேட்டால் தொழில்தான் பெரிதாக வரணும். 'மோட்டார் காயில் கட்டித் தரப்படும்' என்பது முதல் வரி. சாமி பெயரில் நம்ம ஊரில் நாலு கடை இருக்கும். எது மெக்கானிக் கடை, எது மளிகைக் கடை என்று கார்டைப் பார்த்த உடனே தெரியணும். அடுத்தது போன் நம்பர். அதற்கடுத்து அப்பா பெயர், ஏனென்றால் ஜனங்கள் ஆளைத் தேடித்தான் வருகிறார்கள். கடைசியில் கடைப் பெயர்.

இரண்டாவது, எழுத்து. ஒரு அங்குலத்தில் 72 பாயிண்ட். நம்பர் 14 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. மற்றது எதுவும் 8 பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது. தமிழில் சுழியும் கொம்பும் மேல்விலங்கும் இருப்பதால், ரொம்பச் சின்னதாக அடித்தால் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். பத்து இலக்கத்தையும் ரயில் பெட்டி மாதிரி ஒட்டி அடிக்காமல் ஐந்து ஐந்தாகப் பிரித்தால் தப்பில்லாமல் அழுத்தலாம். வெள்ளையில் கறுப்பு, மஞ்சளில் கறுப்பு, இவை டார்ச் வெளிச்சத்திலும் தெரியும். வெள்ளையில் மஞ்சள், பச்சையில் சிவப்பு, இவை பகலிலேயே தெரியாது. இன்னொன்று: பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் கிறுக்கலாகிவிடும். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் எழுத்தை 'கர்வ்' ஆக மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அளவு. பர்ஸில் இருக்கிற அறை ஏ.டி.எம். கார்டுக்குத் தைத்தது. ஏ.டி.எம். கார்டு 85.6 மி.மீ. நீளம், சுமார் 54 மி.மீ. அகலம். அச்சகத்தில் சாதாரணமாக வெட்டுகிற 3.5 அங்குலம் என்பது கிட்டத்தட்ட 89 மி.மீ. அந்த மூன்று மி.மீ. நீட்டிக்கொண்டு நின்று மூலை மடங்கும். 85 மி.மீ.க்குள் வெட்டச் சொன்னால் செலவு கூடாது. வெட்டும்போது கத்தி ஒரு மி.மீ. நகர வாய்ப்பு உண்டு. அதனால் ஓரத்திலிருந்து 4 மி.மீ.க்குள் எழுத்து எதுவும் வர வேண்டாம். பின்னணிக் கலர் இருந்தால் 3 மி.மீ. வெளியே நீட்டி விடணும்.

நான்காவது, விலாசம். கதவு எண்ணைப் பார்த்து நம்ம ஊரில் யார் வருகிறார்கள்? 'பஸ் ஸ்டாண்டு பின்புறம், ரேஷன் கடை எதிரில்' என்றால்தான் வண்டி வந்து நிற்கும். இதை நாட்டுப்புறத்தான் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் 1760-களில்தான் வீடுகளுக்கும் கடைகளுக்கும் எண் போடுவது பரவத் தொடங்கியது. அதற்கு முன்னால் அங்கேயும் வியாபாரிகள் அச்சடித்துக் கொடுத்த சீட்டில், கடை வாசலில் தொங்கும் சின்னமும், எந்தக் கட்டடத்துக்குப் பக்கம் என்பதும்தான் வழிகாட்டி. ஆகவே அடையாளத்தைத் தயங்காமல் போடுங்கள்.

ஐந்தாவது, பின்பக்கம். முக்கால்வாசிப் பேர் இதைச் சும்மா விடுகிறார்கள் அல்லது சாமி படம் போடுகிறார்கள். என் யோசனை வேறு. மோட்டார் எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ், போர் எத்தனை அடி, கடைசியாகக் காயில் கட்டிய தேதி என்று நாலு கோடு போட்டுவிட்டால், வேலை முடிந்ததும் அப்பா பேனாவில் எழுதிக் கொடுத்துவிடலாம். அடுத்த முறை போனிலேயே விவரம் கிடைக்கும். தேவையான சாமானோடு போகலாம். அதன் கீழே ஒரு வரி: 'ஒரு ஃபேஸ் போனால் உடனே ஸ்டார்ட்டரை ஆஃப் செய்யவும்.' மூன்று ஃபேஸில் ஒன்று போனபின் மோட்டார் ஓடினால், மிச்சமிருக்கிற காயிலில் கரண்ட் ஏறிச் சூடாகி எரியும் என்பது நம்ம பாடத்திலேயே இருக்கு. இந்த ஒரு வரிக்காகவே விவசாயி கார்டைத் தூக்கிப் போட மாட்டார். பேனா எழுத வேண்டுமென்றால் பின்பக்கம் லேமினேஷன் கூடாது. முன்பக்கம் மட்டும் போட்டால் அட்டை கொஞ்சம் வளையத்தான் செய்யும். 300 ஜி.எஸ்.எம். அட்டையாக எடுத்தால் சமாளிக்கலாம்.

'இப்போதெல்லாம் கியூ.ஆர். கோடு போடுகிறார்களே?' என்று கேட்பீர்கள். போடலாம். கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் உருவாக்கிய கட்டம் அது. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு நம்ம டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, நாலு பக்கமும் வெற்றிடம் விட்டு அடித்தால்தான் மொபைல் ஒழுங்காகப் படிக்கும். ஆனால் பணம் வாங்குகிற கோடு கடையிலேயே இருக்கட்டும். கார்டில் கடைக்கு வழி காட்டுகிற கோடு போதும். அதையும் அச்சுக்கு முன் நாலு மொபைலில் சோதித்துப் பாருங்கள்.

'மொபைலில் நம்பர் சேவ் பண்ணிட்டாப் போதாதா, கார்டு எதுக்கு?' என்றும் சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மொபைல் தொலையும். நம்பர் 'மோட்டார் அண்ணன்' என்ற பெயரில் பத்துப் பேரோடு கலந்து கிடக்கும். கார்டோ தோட்டத்திலேயே இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து கேட்டால் எடுத்து நீட்டலாம். நெட்வொர்க் கம்பெனியை மாற்றினாலும் அதே நம்பரை வைத்துக்கொள்ளும் வசதி 2011 முதல் நாடு முழுக்க இருப்பதால், அடித்த கார்டு வீணாகாது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஃப்செட்டில் பிளேட் போடுகிற செலவு, நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அதனால்தான் ஆயிரமாக அடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் முதலில் டிஜிட்டலில் நூறு மட்டும் அடியுங்கள். கார்டு ஒன்றுக்கு விலை கூடத்தான் வரும். ஆனாலும் தப்பு இருந்தால் நூறோடு போகும். பெட்டி நிறைய ரீமைண்டிங்கை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டாம்.

கடைசியாக நம்மைப் பற்றி. எங்கள் வீட்டில் பட்டயப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான்தான். புதுக் கார்டில் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் டி.இ.இ.இ. என்று போடணும் என்று அப்பா சொல்கிறார். ஆசைதான், எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் விவசாயி நம்பி மோட்டாரை இறக்குவது அப்பாவின் கையை நம்பி. அதனால் மேலே அவர் பெயர்தான், தமிழில். என் பெயரும் படிப்பும் நான் பரீட்சை எழுதி முடித்து, நாலு மோட்டாரை என் கையால் கட்டி ஓடவிட்ட பிறகு அதற்குக் கீழே வரட்டும். படித்த பிள்ளை வீட்டில் இருப்பதற்கு அடையாளம், புரூஃபை ஒழுங்காகப் பார்த்துக் கொடுப்பதுதான்.

தோழர்களே! அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டில் அல்லது தெருவில் தொழில் செய்கிற ஒருவரின் கார்டை வாங்கிப் பாருங்கள். அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் படித்துக் காட்டினால் சந்தோஷம். படிக்க முடியவில்லை என்றால், ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். டிராயிங் ஹாலில் கற்றுக்கொண்டதற்கு முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு