குருமாவுக்குக் கசகசா, வலிக்கு மார்ஃபின்... ஹாஸ்பைஸ்களுக்கு எதற்கு லைசென்ஸ்?

குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கும் கசகசா எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று பலர் யோசித்திருக்க மாட்டார்கள். அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அந்த அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது மார்ஃபின். புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் கடுமையான வலிக்கு, உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பியிருக்கும் மருந்து இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில், மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். நீமச், காஜிப்பூர் என இரண்டு ஊர்களில் அபினைப் பதப்படுத்தும் அரசு ஆலைகள் இருக்கின்றன. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியும் நடந்திருக்கிறது. ஆனால், இவ்வளவு விளையும் நாட்டிலேயே மார்ஃபின் மாத்திரை கிடைக்காமல் ராத்திரி முழுக்கத் தூங்காமல் துடிக்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். காரணம், விலை அல்ல. லைசென்ஸ்!

ஹாஸ்பைஸ் என்பது என்ன?

நோயைக் குணப்படுத்த இனி வழியில்லை என்ற நிலையில், மிச்சமிருக்கும் நாள்களை வலியில்லாமல் கழிக்க உதவும் இடம்தான் ஹாஸ்பைஸ். லண்டனில் 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸ்தான் இன்றைய ஹாஸ்பைஸ்களுக்கெல்லாம் முன்மாதிரி. இந்தியாவில் 1986-ல் மும்பையில் சாந்தி அவேத்னா தொடங்கப்பட்டது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் முறையைக் கேரளா முழுக்கப் பரப்பியது. வலி நிவாரணத்துக்கென்று தனிக் கொள்கையை 2008-ல் அறிவித்த முதல் மாநிலமும் கேரளாதான்.

படுக்கை, நர்ஸ், அன்பு எல்லாம் இருந்தும் மார்ஃபின் இல்லையென்றால், ஹாஸ்பைஸ் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளுக்கு அடங்காத வலிக்கு வேறு வழி குறைவு.

ஒரு சட்டம், ஐந்து லைசென்ஸ்

1985-ல் போதைப் பொருள்களைத் தடுக்க என்.டி.பி.எஸ் சட்டம் வந்தது. கடத்தல்காரர்களைப் பிடிக்க வந்த சட்டம்தான். ஆனால், அந்த வலையில் மருத்துவமனைகளும் சிக்கின. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு கடுங்காவல். கணக்கில் ஒரு சிறு பிழை வந்தாலும் வழக்கு பாயுமோ என்று பயந்து, மெடிக்கல் ஷாப்காரர்கள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே நிறுத்தினார்கள்.

விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகப் போட்டது. மருந்தை வைத்திருக்க ஒரு லைசென்ஸ், வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவர ஒரு லைசென்ஸ், அந்த மாநிலத்திலிருந்து வெளியே அனுப்ப ஒரு லைசென்ஸ், வண்டியில் ஏற்ற ஒரு அனுமதி என்று நான்கைந்து தாள்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தருவது வெவ்வேறு அலுவலகங்கள். எல்லாத் தாள்களும் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்றின் தேதி முடிந்திருக்கும்.

விளைவு, 1985-க்கும் 1997-க்கும் இடையே இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 97 சதவிகிதம் குறைந்தது. 1997-ல் நாடு முழுக்கப் பயன்பட்டது வெறும் 18 கிலோ! நோயாளிகள் குறையவில்லை, மருந்துதான் குறைந்தது.

2014-ல் வந்த மாற்றம்

டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் டெல்லிக்கும் மாநிலத் தலைநகரங்களுக்கும் நடையாய் நடந்தார்கள். 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று 2015-ல் அறிவிக்கப்பட்டன. இவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே விதி.

இப்போது ஒரு மருத்துவமனையோ ஹாஸ்பைஸோ மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பித்து, 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற அங்கீகாரம் வாங்கினால் போதும். சுருக்கமாக ஆர்.எம்.ஐ. வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். வந்தது எவ்வளவு, யாருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று கணக்கு எழுத வேண்டும். வழிகள் பலவாக இருந்தது ஒரே வாசலாகிவிட்டது.

ஆனால், வாசல் திறந்திருந்தாலும் உள்ளே போக யாராவது காலெடுத்து வைக்க வேண்டுமே! விண்ணப்பிக்காத மருத்துவமனைக்கு இந்த அங்கீகாரம் தானாக வந்துவிடாது. 'போதை மருந்து நமக்கு எதற்கு, வம்பு' என்ற பழைய பயம் நிர்வாகங்களிடம் இன்னும் போகவில்லை. மருத்துவப் படிப்பில் வலி நிவாரணத்தைப் பெரிதாகப் படிக்காமலே வெளியே வந்த டாக்டர்களும் ஏராளம்.

அப்படியென்றால் லைசென்ஸே வேண்டாமா?

வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா உதாரணம். அங்கே ஹாஸ்பைஸ் செலவை மூத்த குடிமக்களுக்கான அரசுக் காப்பீடு ஏற்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பணம் வந்துவிடும். லைசென்ஸும் சுலபமாகக் கிடைத்ததால் லாஸ் ஏஞ்சலஸில் ஹாஸ்பைஸ் ஏஜென்சிகள் புற்றீசலாகப் பெருகின. வான் நைஸ் பகுதியில் ஒரே கட்டடத்தின் முகவரியில் 112 ஏஜென்சிகள் லைசென்ஸ் வாங்கியிருந்ததை அந்த மாநிலத் தணிக்கைத் துறை 2022 மார்ச் மாத அறிக்கையில் சொன்னது. சாகும் நிலையில் இல்லாதவர்களையும் ஹாஸ்பைஸில் சேர்த்துப் பணம் கறக்கும் மோசடிக்கு இது வழிவிட்டது. 2022 ஜனவரி முதல் புது லைசென்ஸ் தருவதையே மாநில அரசு நிறுத்தி வைத்தது.

இறுக்கிப் பிடித்தால் நோயாளிக்கு மருந்து கிடைக்காது. கைவிட்டால் நோயாளியே வியாபாரப் பொருளாகிவிடுவார். ஒரே அங்கீகாரம், ஒரு பொறுப்பு டாக்டர், ஒழுங்கான கணக்கு என்று இந்தியா இப்போது வைத்திருக்கும் விதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைப் பயன்படுத்துவதுதான் பாக்கி.

குடும்பத்தினர் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், மருத்துவமனையிலோ ஹாஸ்பைஸிலோ தயங்காமல் கேளுங்கள்.

* இங்கே ஆர்.எம்.ஐ அங்கீகாரம் இருக்கிறதா? மார்ஃபின் மாத்திரை ஸ்டாக் இருக்கிறதா?
* இல்லையென்றால், பக்கத்தில் எந்த மருத்துவமனையில் கிடைக்கும்?
* வலி நிவாரணப் பயிற்சி பெற்ற டாக்டர் யார்? ராத்திரி வலி கூடினால் யாருக்கு போன் செய்வது?
* வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா?
* மீதமாகும் மாத்திரைகளை எங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சை தருவதும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

'மார்ஃபின் கொடுத்தால் பழக்கமாகிவிடும்', 'மார்ஃபின் ஆரம்பித்தால் அவ்வளவுதான்' என்று உறவினர்கள் சொல்வார்கள். டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடுபவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் டாக்டரே கூடவே எழுதித் தருவார். வலி அடங்கியதும் பலர் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடுகிறார்கள், பேரப் பிள்ளைகளோடு பேசுகிறார்கள்.

நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் உலக அளவில் சுமார் 14 சதவிகிதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவுக்கோ பாட்டிக்கோ வலி என்றால், 'இந்த வயதில் வலிக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிட வேண்டாம். மருந்து இருக்கிறது, சட்டம் அனுமதிக்கிறது. நோயாளிகளின் குடும்பங்கள் கேட்க ஆரம்பித்தால், மருத்துவமனைகளும் விண்ணப்பிக்க ஆரம்பிக்கும்.