காடியும் சட்டமும்

"இயந்திரம் தொட்ட மரத்தில் உயிர் இல்லை" என்று எம் இலக்கிய வட்டத்து நண்பர் ஒருவர் அண்மையில் உரைத்தார். அவையினர் தலையசைத்தனர். ஓராண்டுக்கு முன்னராயின் யானும் அசைத்திருப்பேன். சென்ற விடுமுறையிற் பல்லேகமவில் யான் கண்டது அதற்கு இடந்தரவில்லை.

மாத்தளை மாவட்டத்துப் பழைய பல்லேகம நகர் இன்று களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கிறது. 2018 இல் நீர் நிரப்பத் தொடங்குமுன் மக்கள் புதிய லக்கல நகரிலும் பிறவிடங்களிலும் குடியேறினர். வீட்டைப் பிரித்தவர்கள் கதவையும் நிலையையும் விட்டு வர மனங்கொள்ளவில்லை. அவ்வாறு வந்த பலாப்பலகைகள் சிலவற்றால் எனக்கொரு நூலடுக்குச் செய்துதர என் பழைய மாணாக்கர் ஒருவர் இசைந்தார். தச்சு அவர்க்கு வழிவழித் தொழில்.

அடுக்கின் பக்கப்பலகையிற் குறுக்கே வெட்டும் பள்ளத்தைத் தச்சர் காடி என்பர். தட்டுப்பலகை அதனுள் அமர்ந்தே நூற்சுமையைத் தாங்கும். முன்னொரு காலத்திற் கைத்திறன் மிக்க ஒருவரிடம் யான் செய்வித்த அடுக்கில் இடக்காடிக்கும் வலக்காடிக்கும் நெல்லளவு வேறுபாடு. தட்டுச் சாய்ந்தது; நிகண்டுகள் நாடோறும் ஒருபுறம் சரிந்தன. உயிருள்ள காடிதான், என் செய்வது!

மாணாக்கர் கையிலிருந்தது ரவுட்டர் எனும் மின்பொறி. அதன் அலகு பல்லாயிரஞ் சுற்றுச் சுழல்வது. அதை உடனே இயக்குவார் என்று காத்திருந்தேன். அவரோ கழிவு மரத்தில் ஒரு வெட்டு வெட்டி, பொறியின் அடித்தட்டு விளிம்பிலிருந்து வெட்டின் விளிம்பு எவ்வளவு விலகியுள்ளது என்று அளந்தார். 66 மில்லிமீற்றர். பக்கப்பலகைகள் இரண்டையும் அருகருகே இணைத்து, மூலைமட்டம் வைத்துக் கூரிய கத்தியாற் கோடிட்டு, அக்கோட்டிலிருந்து 66 மில்லிமீற்றர் தள்ளி ஒரு நேரிய சட்டத்தை இறுக்கினார். அரைமணி நேரம் இதிலேயே கழிந்தது.

"ஏன் தம்பி, இரண்டையும் சேர்த்து வைத்தீர்?" என்றேன்.

"ஒரே ஓட்டத்தில் இரண்டுக்கும் காடி விழும் ஐயா. பிறகு தட்டுச் சாய வழியில்லை."

சட்டம் இடப்புறம் இருக்கப் பொறியைத் தம்மிடமிருந்து முன்னே தள்ளினார். மேலிருந்து நோக்க அலகு வலஞ்சுழிவது. ஆதலின் மரத்தின் எதிர்ப்பு பொறியை இடப்புறமாகத் தள்ளிச் சட்டத்தோடு ஒட்டவைக்கும். திசை மாறினாற் பொறி சட்டத்தை விட்டு விலகும். எட்டு மில்லிமீற்றர் ஆழத்தையும் ஒரேயடியாக அன்றி மும்முறையில் வெட்டினார். வெட்டும் வேலை சில நிமிடங்களே. (சட்டம் என்ற சொல் மரத்தையும் விதியையும் ஒருங்கே குறிப்பது தமிழுக்கு வாய்த்த நயம்.)

ஆனந்த குமாரசுவாமி கண்டிநாட்டுக் கம்மியர் கலைகளை ஆராய்ந்து 1908 இல் வெளியிட்ட பெருநூலை நண்பர் அடிக்கடி சான்று காட்டுவார். இயந்திர உற்பத்தியை அவ்வறிஞர் கடிந்தது மெய். எனினும் அந்நூலைத் தம் மேற்பார்வையில் அச்சிடுவித்தது வில்லியம் மொரிசின் இரும்புக் கையச்சுப் பொறியில். அவ்வகைப் பொறியின் எழுத்துத்தளமும் இருப்புச் சட்டங்களின்மேல் ஓடியே அழுத்தத்துக்கு உட்படும். சட்டத்துக்கு அடங்கி ஓடும் கருவியை அவரும் வெறுத்திலர்.

எனக்குள்ள குறை வேறு. பள்ளிக் கைப்பணி வகுப்புகள் சிலவற்றிற் பிள்ளைகள் முதலில் தேடுவது பொறியின் விசையை. கோடிடுதலும் மூலைமட்டம் பார்த்தலும் சலிப்பூட்டும் பாடங்களாகின்றன. மதிப்பெண்ணும் முடிந்த பொருளுக்கே. கோட்டுக்கும் சட்டத்துக்கும் பாதி மதிப்பெண் ஒதுக்கி, பொறியை மறுவாரம் கையிற் கொடுத்தால் என்ன? கெட்ட பலகையும் குறையும், விரலும் தப்பும்.

அடுக்கு என் வீடு வந்து மூன்று திங்களாயிற்று. நிகண்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. நண்பர் இன்னும் வந்து பார்க்கவில்லை.